ஒட்டியிருக்கு… ஆனா ஒட்டலை: கார்பன் ஃபைபருக்குள் ஒளிந்திருக்கும் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

2022 ஜூலை 15. வட அட்லாண்டிக் கடல். டைட்டானிக் கப்பல் கிடக்கும் ஆழம் வரை போய்விட்டு மேலே வந்துகொண்டிருந்தது ‘டைட்டன்’ நீர்மூழ்கி. திடீரென்று ‘டமார்’ என ஒரு சத்தம். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது. நீர்மூழ்கியின் உடலில் பொருத்தப்பட்டிருந்த சென்சார்களும் பதிவு செய்தன. நீர்மூழ்கி பத்திரமாக மேலே வந்துவிட்டது. உடல்பகுதி அதைத் தாங்கும் சட்டத்துக்குள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதுதான் சத்தம் என்று ஓஷன்கேட் நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ் விளக்கம் சொன்னார்.

11 மாதம் கழித்து, 2023 ஜூன் 18 அன்று, அதே டைட்டன் கடலுக்குள் நொறுங்கியது. ரஷ் உட்பட உள்ளே இருந்த 5 பேரும் உயிரிழந்தார்கள்.

அந்த ஜூலை மாதச் சத்தம் என்ன? டைட்டனின் கார்பன் ஃபைபர் உடலுக்குள் அடுக்குகள் பிரிந்த சத்தம் என்கிறது அமெரிக்காவின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். சென்சார் தகவல்களை நிறுவனம் சரியாக அலசவில்லை. அலசியிருந்தால் டைட்டனை அன்றே ஓரங்கட்டியிருக்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் முடிவு. இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது.

‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம டைட்டானிக் பார்க்கப் போகப்போறதில்லையே’ என்று தோன்றலாம். ஆனால், நாம் ஏறும் போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இதே வகைப் பொருள். ஏர்பஸ் ஏ350-ல் 53 சதவீதம். காற்றாலை இறக்கை, விலை உயர்ந்த சைக்கிள், கார் பாகங்கள் என்று எல்லா இடத்திலும் இது வந்துவிட்டது. இவற்றை உடைக்காமல், வெட்டாமல், உள்ளே குறை இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு தனிக் கலை. அதற்குப் பெயர் சேதமில்லாச் சோதனை. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ‘என்டிடி’ என்பார்கள்.

காம்போசிட் என்றால் என்ன?

முடியைவிட மெல்லிய கார்பன் அல்லது கண்ணாடி இழைகள். அவற்றைப் பிடித்து வைக்க எபாக்ஸி போன்ற ரெசின். இரண்டும் சேர்ந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக வைத்தால் காம்போசிட் தயார். இழை ஓடும் திசையில் இழுத்தால் எஃகுக்குச் சவால் விடும். எடையோ அதில் ஐந்தில் ஒரு பங்கு.

இங்கதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. வலு முழுவதும் இழையின் திசையில் இருக்கிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் இழையே கிடையாது. வெறும் ரெசின் மட்டும்தான். சீட்டுக்கட்டை மேலிருந்து அமுக்கினால் ஒன்றும் ஆகாது. பக்கவாட்டில் தள்ளினால் சரிந்துவிடும் இல்லையா? அதுபோல.

உலோகம் அடி வாங்கினால் நெளியும். காரில் டொக்கு விழுந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். காம்போசிட் அப்படி இல்லை. மெக்கானிக் கையிலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவி விமான இறக்கையில் விழுந்தால், மேற்பரப்பு அந்த நேரத்துக்கு வளைந்துகொடுத்து, பழையபடி நிமிர்ந்துவிடும். மேலே லேசான தடம் மட்டும் இருக்கும். உள்ளே அடுக்குகள் கூம்பு வடிவில், கீழே போகப்போக அகலமாகப் பிரிந்திருக்கும். ‘கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அடி’ என்று இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள் விமானப் பொறியாளர்கள்.

என்னென்ன குறைகள் வரும்?

• அடுக்குப் பிரிதல்: உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுவது. காம்போசிட்டின் முதல் எதிரி இதுதான்.

• காற்றுக்குமிழ்: ரெசின் இறுகும்போது உள்ளே சிக்கும் நுண்ணிய குமிழ்கள். விமானத் துறையில் பொதுவாக 2 சதவீதத்துக்கு மேல் போனால் பாகத்தை ஏற்க மாட்டார்கள்.

• சுருக்கம்: அடுக்கும்போது இழை நேராகப் படியாமல் மடிந்துவிடுவது. அமுக்கும் விசையைத் தாங்க வேண்டிய பாகத்தில் இது ஆபத்து.

• ஒட்டு விடுதல்: இரண்டு பாகங்களைச் சேர்த்த பசை, ஏதாவது ஒரு பக்கம் பிடிப்பை இழப்பது.

• வேண்டாத பொருள்: அடுக்குகளைப் பாதுகாக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்க மறந்து, அதன்மேலேயே அடுத்த அடுக்கை வைத்துவிடுவதுகூட நடக்கும்.

டைட்டன் விசாரணையில் இந்தப் பட்டியலில் உள்ள பலவும் வெளியே வந்தன. அதன் உடல் 5 அங்குலத் தடிமன் கொண்ட கார்பன் ஃபைபர் உருளை. ஒரு அங்குலத் தடிமனில் ஐந்து அடுக்குகளாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். உருளையின் இரு முனைகளிலும் இருந்த டைட்டானிய வளையங்களும் பசையால்தான் ஒட்டப்பட்டவை. கட்டும்போது மீதமான துண்டுகளை ஆய்வு செய்தபோது சுருக்கங்கள், குமிழ்கள், வெற்றிடங்கள் தெரிந்தன. கடலடியில் கிடைத்த சிதைவுகள் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன.

அது தாங்க வேண்டிய அழுத்தத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கிட்டத்தட்ட 390 கிலோ அழுத்தும். சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் இரண்டு புல்லட் பைக்கை நிறுத்தியதுபோல. ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் இந்த அழுத்தம் ஏறி இறங்கும்.

பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல…

சந்தையில் மண்பானை வாங்குபவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் நல்ல பானை. ‘பொத்’ என்றால் எங்கோ கீறல். எந்தப் படிப்பும் இல்லாமல் நம் பாட்டிகள் செய்த சேதமில்லாச் சோதனை அது.

விமான ஹேங்கரில் இன்றும் இது நடக்கிறது. ஒரு நாணயம் அல்லது சின்னச் சுத்தியலால் பரப்பை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நன்றாக ஒட்டிய இடத்தில் சத்தம் தெளிவாக வரும். ஒட்டு விட்ட இடத்தில் மந்தமாகும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் குறைகள் மட்டும்தான் இதில் மாட்டும். ஆழத்தில் இருப்பது, மறுபக்கத் தோலில் இருப்பது எல்லாம் தப்பிவிடும். பக்கத்தில் டிரில்லிங் மெஷின் ஓடினால் கேட்கவும் கேட்காது.

அல்ட்ராசவுண்ட்: எதிரொலி சொல்லும் கதை

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே தத்துவம். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியைப் பொருளுக்குள் அனுப்புவார்கள். ஜெல் அல்லது தண்ணீர் நடுவில் இருக்க வேண்டும். காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது. அந்தக் குணமே இங்கே உதவியும் செய்கிறது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால், அந்த மெல்லிய காற்று இடைவெளியில் ஒலி முட்டித் திரும்பும்.

ஒரு சின்னக் கணக்கு. கார்பன் காம்போசிட்டின் தடிமன் வழியாக ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் போகும். 6 மி.மீ. தடிமன் என்றால், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி வர 12 மி.மீ. பயணம்; 4 மைக்ரோநொடி. எதிரொலி 2 மைக்ரோநொடியிலேயே வந்துவிட்டால்? பாதி வழியில், அதாவது 3 மி.மீ. ஆழத்தில் ஏதோ மறித்திருக்கிறது என்று அர்த்தம். பரப்பு முழுக்க இப்படி அளந்து வண்ணப்படமாக மாற்றினால், உள்ளே எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு பெரிய குறை என்று வரைபடம் போலத் தெரியும்.

குமிழ்கள் கொஞ்சம் கள்ளத்தனமானவை. தனியாக எதிரொலி கொடுக்காது. ஒலியைச் சிதறடிக்கும், அதனால் அடிப்பரப்பின் எதிரொலி பலவீனமாகும். அந்தப் பலவீனத்தை வைத்துத்தான் குமிழின் அளவைக் கணிக்கிறார்கள்.

தடிமன் கூடக்கூட வேலை கடினமாகும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒலியைச் சிதறடித்து விழுங்கும். அதிர்வெண்ணைக் குறைத்தால் ஒலி ஆழமாகப் போகும். ஆனால் சின்னக் குறைகள் தெரியாது.

டைட்டன் கதையில் இந்த இடம் முக்கியமானது. ஓஷன்கேட்டின் கடல் செயல்பாடுகள் இயக்குநராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ், முதலில் கட்டப்பட்ட உடல்பகுதியை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும் என்று 2018-ல் வலியுறுத்தினார். இவ்வளவு தடிமனை ஸ்கேன் செய்யக் கருவியே இல்லை என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவர் நீதிமன்ற மனுவில் குறிப்பிட்டார். அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். 2019-ல் அந்த முதல் உடலில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு கட்டியதுதான் 2023-ல் நொறுங்கிய இரண்டாவது உடல்.

வெப்பம், லேசர், எக்ஸ்ரே

*வெப்பப் படம்:* சக்திவாய்ந்த ஃபிளாஷ் விளக்கை ஒரு கணம் அடித்துப் பரப்பைச் சூடாக்குவார்கள். சூடு உள்ளே இறங்கும். அடியில் ஒட்டு விட்டிருந்தால் சூடு அங்கே தடைபட்டு, அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சூடாக இருக்கும். அகச்சிவப்பு கேமராவில் அது பளிச்சென்று தெரியும். தொடவே வேண்டாம், ஒரே படத்தில் பெரிய பரப்பைப் பார்த்துவிடலாம். குறை இருக்கும் ஆழம் இரண்டு மடங்கானால் சூடு போய்ச் சேர நான்கு மடங்கு நேரமாகும். அதற்குள் படம் மங்கிவிடும். அதனால் மெல்லிய பாகங்களுக்கே இது ஏற்றது.

*லேசர் படம்:* பரப்பின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி ஒரு படம். பிறகு லேசாக வெற்றிட உறிஞ்சலோ சூடோ கொடுத்து இன்னொரு படம். ஒட்டு விட்ட இடம் மைக்ரான் கணக்கில் உப்பும். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் அந்த உப்பல் வளையங்களாகத் தெரியும். இதற்கு ஷியரோகிராபி என்று பெயர். தேன்கூடு போன்ற அறைகளை நடுவில் வைத்து மேலும் கீழும் தோல் ஒட்டிய ‘சாண்ட்விச்’ பலகைகளுக்கும், விமான டயர்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

*எக்ஸ்ரே:* தேன்கூட்டு அறைக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வேண்டாத பொருள் சிக்கியிருக்கிறதா என்று காட்டும். ஆனால் அடுக்குப் பிரிதலில் தடுமாறும். இரண்டு காகிதத்துக்கு நடுவில் மெல்லிய இடைவெளி விட்டாலும், நேராகப் பாயும் கதிர் கடக்கும் காகிதத்தின் அளவு மாறாதே! நிழல் அப்படியே இருக்கும். சிடி ஸ்கேன் எடுத்தால் தெரியும். ஆனால் விமான இறக்கையை சிடி ஸ்கேனருக்குள் நுழைக்க முடியாது.

*காது கொடுத்துக் கேட்பது:* இழை அறுந்தாலோ அடுக்கு பிரிந்தாலோ நுண்ணிய ஒலி வெளிவரும். உடலில் ஒட்டிய சென்சார்கள் அதைப் பிடிக்கும். டைட்டன் நம்பியது இதைத்தான். முறையில் தப்பில்லை; அழுத்தக் கலன்களைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் இது சொல்வது குறை வளர்கிறது என்ற செய்தியை. ஏற்கெனவே என்ன குறை இருக்கிறது என்பதை அல்ல. ஆழ்கடலில் இந்த எச்சரிக்கை வந்து, மேலே திரும்ப நேரம் இல்லாமல் போகலாம் என்பதுதான் லாக்ரிட்ஜின் வாதமாக இருந்தது.

எந்த ஸ்கேனிலும் சிக்காத குறை

இவ்வளவு கருவிகள் இருந்தும், பசை இணைப்பில் ஒரு குறை மட்டும் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பசை இருக்கிறது. இரண்டு பக்கமும் நன்றாகத் தொட்டுக்கொண்டும் இருக்கிறது. நடுவில் காற்று இல்லை. ஒலி தடையில்லாமல் போகிறது, சூடும் போகிறது. ஸ்கேனில் ‘எல்லாம் சரி’ என்று வரும். ஆனால் பிடிப்பு மட்டும் இல்லை. தாமரை இலைத் தண்ணீர் போலத் தொட்டும் ஒட்டாத உறவு. பலமாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

எப்படி வருகிறது இது? ஒட்டுவதற்கு முன் பரப்பில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்திருக்கும். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரத் தடவும் சிலிகான் மிச்சம் இருந்திருக்கும். ஈரம் ஏறியிருக்கும். கையுறை போடாத ஒரு விரல் தடம்கூடப் போதும்.

பசையின் பரப்பளவை அளக்கலாம், தடிமனை அளக்கலாம். வலிமையை நேரடியாக அளந்து சொல்லும், எல்லா இடத்திலும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய சேதமில்லாச் சோதனை இன்னும் கைக்கு வரவில்லை. லேசர் துடிப்பால் பாகத்துக்குள் ஒரு அதிர்வலையை அனுப்பி, நல்ல ஒட்டு தாங்குகிறதா, பலவீனமான ஒட்டு பிரிகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒருவகையில் இது சின்னதாக இழுத்துப் பார்ப்பதுதான்.

அதனால், ஒட்டிய பிறகு சோதிப்பதைவிட ஒட்டும் முன்பே கவனமாக இருப்பதுதான் தொழிற்சாலைகளின் வழி. அதில் ஒன்று மிக எளிது. சுத்தம் செய்த பரப்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது; திரும்பத் துடைக்க வேண்டும்.

அப்போ விமானத்தில் எந்த நம்பிக்கையில் ஏறுவது?

ஸ்கேன் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பி விமானம் வடிவமைக்கப்படுவதில்லை. ‘ஏதாவது ஒரு குறை கண்ணில் படாமல் தப்பியிருக்கும்’ என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கே ஆரம்பிக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அடி வாங்கிய பாகமும், வடிவமைப்பில் சொன்ன முழு உச்ச சுமையைத் தாங்கியாக வேண்டும். கண்டுபிடிக்கக்கூடிய அளவு பெரிய அடி என்றால், அடுத்த பரிசோதனையில் பிடிபடும் வரை விமானம் பாதுகாப்பாகப் பறக்க வேண்டும்.

பிரிந்தால் விமானமே போய்விடும் என்ற நிலையில் உள்ள பசை இணைப்புகளுக்கு அமெரிக்க விமான விதிகள் மூன்று வழி வைக்கின்றன. ஒன்று, ஒட்டு விட்டாலும் ஓரளவுக்கு மேல் பரவாதபடி ரிவெட் போன்ற தடுப்பு வைப்பது. இரண்டு, ஒவ்வொரு பாகத்தையும் சுமை ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பது. மூன்று, ஒவ்வொரு இணைப்பின் வலிமையையும் உறுதிசெய்யும் நம்பகமான சேதமில்லாச் சோதனை. மூன்றாவது வழி காகிதத்தில் இருக்கிறது. மேலே பார்த்த காரணத்தால் அதைத் தனியாக நம்பிப் போவது கடினம். அதனால்தான் இன்றும் பசை ஒட்டிய இடங்களில் கூடவே ரிவெட்டும் இருக்கும்.

கருவி இருந்தும் தப்பிய கதைகள்

2005 மார்ச் 6. கியூபாவின் வரதேரோவில் இருந்து கனடாவின் கியூபெக் நகருக்குக் கிளம்பிய ஏர் டிரான்சாட் ஏர்பஸ் ஏ310 விமானம், 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது அதன் வால்பகுதியில் உள்ள சுக்கானின் பெரும்பகுதி பிய்ந்து விழுந்தது. விமானம் வரதேரோவுக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது. அந்தச் சுக்கான் கார்பன் ஃபைபர் தோலும் தேன்கூட்டு நடுப்பகுதியும் கொண்ட சாண்ட்விச் அமைப்பு. முன்பே இருந்த ஒட்டு விடுதல் அல்லது நடுப்பகுதி விரிசல் வளர்ந்திருக்கலாம் என்றது கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். கண்ணால் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம் என்றும் எச்சரித்தது.

2024 ஜூலை 13. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் உள்ள வைன்யார்ட் காற்றாலைப் பண்ணையில் 107 மீட்டர் நீள இறக்கை ஒன்று உடைந்தது. நான்டக்கெட் தீவின் கடற்கரைகளில் துண்டுகள் கரை ஒதுங்கின. குளிக்கத் தடை போட்டார்கள். இறக்கையைத் தயாரித்த ஜிஇ வெர்னோவா சொன்ன காரணம், தொழிற்சாலையில் பசை சரியாக ஒட்டவில்லை என்பது. தரச் சோதனையிலேயே இது பிடிபட்டிருக்க வேண்டும் என்றும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. கனடாவின் காஸ்பே ஆலையில் தயாரான சுமார் 150 இறக்கைகளை மறுபடியும் சோதிக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் மூத்த பாடம் 1988 ஏப்ரல் 28-ல் ஹவாய் தீவுகளுக்கு மேலே நடந்தது. அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது, மேற்கூரையில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 65 பேர் காயமடைந்தார்கள். பாதித் திறந்த விமானத்தை விமானிகள் மவுய் தீவில் இறக்கினார்கள்.

அது அலுமினிய விமானம்தான். ஆனால் கதை பசையில்தான் ஆரம்பிக்கிறது. உடல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களை எபாக்ஸி தோய்த்த துணி வைத்து ஒட்டி, ரிவெட்டும் அடித்திருந்தார்கள். பசை காலப்போக்கில் விட்டது. இடுக்கில் ஈரம் புகுந்து துருப் பிடித்தது. பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட் ஓட்டைகளுக்கு மாறியது. 89,680 முறை பறந்திருந்த விமானம் அது. ஒவ்வொரு பறத்தலிலும் உடல் உப்பி அடங்கும்போது ஓட்டைகளில் நுண்விரிசல்கள் வளர்ந்து, ஒரு நாள் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டன.

ஒட்டு விட்டதையும் விரிசலையும் நிறுவனத்தின் பராமரிப்பு முறை கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்று விசாரணை சொன்னது. ராத்திரி வேலை, சாரத்தில் ஏறி ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அலுப்பு எல்லாம் அதில் பேசப்பட்டன. முன்னூறாவது ரிவெட்டைப் பார்க்கும் கண்ணும் முதல் ரிவெட்டைப் பார்த்த கண்ணும் ஒன்றில்லையே.

அதனால்தான் இந்தத் துறையில் ‘உங்க கருவி எவ்வளவு சின்னக் குறையைக் கண்டுபிடிக்கும்?’ என்று கேட்பதில்லை. ‘எவ்வளவு பெரிய குறையைத் தவறவிடும்?’ என்று கேட்கிறார்கள். குறைகளை வேண்டுமென்றே வைத்த மாதிரிப் பாகங்களைப் பல பரிசோதகர்களிடம் கொடுத்து, 90 சதவீதம் கண்டுபிடிக்கப்படும் அளவு எது என்று 95 சதவீத நம்பகத்தோடு கணக்கிடுவார்கள். அந்த அளவை வைத்துத்தான் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பது முடிவாகும்.

நம்ம ஊரில்?

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் பக்கம் போனால் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கலாம். பொதுவாக ஒவ்வொரு இறக்கையும் இரண்டு பாதிகளாகச் செய்து, பசையால் ஒட்டிய கண்ணாடி இழை காம்போசிட். ஒட்டிய விளிம்பு விட்டிருக்கிறதா என்று டிரோன் கேமராவாலும், கயிற்றில் தொங்கித் தட்டிப் பார்த்தும், அல்ட்ராசவுண்ட் வைத்தும் சோதிப்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

சென்னை ஐஐடியில் சேதமில்லாச் சோதனை ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. இத்துறைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகமும் சென்னையில்தான். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இயற்பியல் படித்தவர்களுக்கு இது நல்ல வேலைவாய்ப்புத் துறை. லெவல் 1, 2, 3 என்று சான்றிதழ்கள் உண்டு. எதிரொலிப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு படிக்க ஆரம்பித்துவிட்டதால் டேட்டா சயின்ஸ்காரர்களுக்கும் இடமிருக்கிறது.

சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கி, 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் திட்டம். அதில் மனிதர்கள் உட்காரும் கோளம் காம்போசிட் அல்ல, 80 மி.மீ. தடிமன் கொண்ட டைட்டானிய உலோகக் கலவை. இப்படிப்பட்ட உலோகக் கோளங்களை வடிவமைத்து, சோதித்து, சான்று வழங்குவதில் உலகத்துக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கும் ஒரு குறிப்பு. கார்பன் ஃபைபர் சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? பலமாக விழுந்து எழுந்த பிறகு, பெயின்டில் கீறல் இல்லையே என்று நிம்மதியாக ஓட்டாதீர்கள். அடிபட்ட இடத்தையும் அடிபடாத இடத்தையும் நாணயத்தால் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அல்ட்ராசவுண்ட் வசதி உள்ளவரிடம் காட்டுங்கள். சத்தம் மாறவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று அர்த்தமும் இல்லை. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது.

கண்ணில் பட்டும்…

அலோகா விசாரணையில் இன்னொரு தகவலும் பதிவானது. அன்று விமானத்தில் ஏறும்போது, கதவுக்குப் பக்கத்தில் உடல் தகட்டில் ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் சொன்னார்.

டைட்டனில் நேர்மாறு. அங்கே கேள்வி கேட்டவர் இருந்தார், வேலையை இழந்தார். சத்தத்தைப் பதிவு செய்த சென்சார்களும் இருந்தன. அந்தப் பதிவை ஒழுங்காகப் படித்து, ‘இனி இது கடலில் இறங்கக் கூடாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஆள் இல்லை.